வாளியில் மிஞ்சிய 14 லிட்டர்: டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயில் அரைகுறையாக மாறியிருந்தால்

மே மாதக் கடைசியில் எங்கள் டிராக்டருக்கு கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயில் மாற்றினோம். வெளியில் கொடுத்து மாற்றிய வேலை. வண்டி கொட்டகைக்குத் திரும்பியபோது கூடவே இரண்டு வாளிகளும் வந்தன. இரண்டும் 20 லிட்டர் வாளி. ஒன்று காலி. மற்றதை டிரைவர் இறக்கி வைத்து, "அண்ணே, இதுல 14 லிட்டர் கிட்ட மிஞ்சியிருக்கு, அடுத்த தடவைக்கு ஆகும்" என்றார். நானும் மூடியை இறுக்கி மூலையில் வைத்துவிட்டேன். 40 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு 26 லிட்டர் ஊற்றியதுமே அளவுக் குச்சியில் மேல் கோடு வந்தது எப்படி என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் குறுவைச் சேற்றுழவு நடுவில் மூன்று நாள் வண்டி நின்றிருக்காது.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். 45 குதிரைத்திறன் வண்டி, எண்ணெயில் மூழ்கிய பிரேக். சொந்த நிலம் போக, அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் உழுகிறோம். மேட்டூர் ஜூன் 12 திறந்தால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதை வைத்துத்தான் எங்கள் வருமானம். அந்த இரண்டு வாரத்தில் வண்டி படுத்தால் வேறு வண்டியும் கிடைக்காது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எண்ணெய் வடிக்கும் பிளக் ஏதோ ஒன்று திறக்கப்படாமல் பழைய எண்ணெய் உள்ளேயே நின்றுபோவது எங்கும் நடக்கிறது. தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பலருக்குக் குழப்பம்.

சேற்றுழவுக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி மூன்றாம் நாள். சேறு கலக்கும் ரோட்டவேட்டரைத் தூக்கினால், பின்னால் கருவியைத் தூக்கும் லிப்ட் ஒரே வீச்சில் ஏறாமல் நடுங்கி நடுங்கி ஏறியது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல். குச்சியை எடுத்துப் பார்த்தால், 30 மணி நேரம்கூட ஓடாத புது எண்ணெய் பால் அதிகமாக விட்ட டீ நிறத்தில் இருந்தது.

நம்மூரில் ஓடும் பெரும்பாலான டிராக்டரில் கியர் பாக்ஸ், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் இருக்கும் டிஃபரன்ஷியல், லிப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் மூழ்கிய பிரேக் என்றால் அதுவும் சேர்த்து. பழைய மாசி ஃபெர்குசன் 35, 135 வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பே இந்த எண்ணெய்க்குள் மூழ்கித்தான் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் ஒன்றானாலும் அது நிற்கும் இடம் ஒன்றல்ல. வீட்டில் கூடம், அடுக்களை, ரேழி என்று இருப்பதுபோல உள்ளே தடுப்புகள் உண்டு. தடுப்புக்கு மேலே ஓட்டை வழியாக எண்ணெய் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், கீழே போகாது. ஓர் அறையின் பிளக்கை மட்டும் திறந்தால் அந்த அறையும், தடுப்புக்கு மேலே நிற்பதும்தான் வடியும். மற்ற அறையில் அரையடி ஆழத்துக்குப் பழையது அப்படியே நிற்கும். அதன் மேல் புதியதை ஊற்றினால் குச்சி சரியான அளவையே காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: உள்ளே நின்றுபோன எண்ணெய் பழையதில் ஒரு பங்கு மட்டுமல்ல, பழையதிலேயே மோசமான பங்கு. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். வண்டி இரண்டு வாரம் நின்றால் தண்ணீரும் இரும்புத் துகளும் சேறும் அடியில் போய்ப் படிந்துவிடும். திறக்காத அறையின் அடியில் இருப்பது அந்த வண்டல்தான். எங்கள் வண்டியில் நடந்ததும் அதுவே. போன தாளடி சேற்றுழவில் உள்ளே போன தண்ணீர் பின் அறையில் தங்கியிருந்தது. கிரவுன் சுற்றிச் சுற்றி அதைப் புது எண்ணெயோடு கடைந்து மோராக்கிவிட்டது.

முதலில் கணக்கு

சந்தேகம் வந்தவுடன் ஸ்பேனரை எடுக்காதீர்கள், காகிதம் பேனா எடுங்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் டிரான்ஸ்மிஷன் ஹைட்ராலிக் சேர்த்து எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். அதிலிருந்து நீங்கள் ஊற்றியதைக் கழியுங்கள். முழுக்க வடித்தாலும் ஆக்சில் குழாய்களிலும் பம்பிலும் பைப்பிலும் ஒன்றிரண்டு லிட்டர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது இயல்பு, கவலைப்பட வேண்டாம். எனக்கு 40-இல் 26 போக 14. அதாவது இப்போது வண்டியில் இருப்பதில் 35 சதவீதம் பழசு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அது இன்னும் கெடுதல். 26 லிட்டர்தான் வடிந்தது, ஆனால் குச்சியைப் பார்க்காமல் புத்தகத்தில் போட்டபடி 40 லிட்டரையும் ஊற்றிவிடுவது. உள்ளே 54 லிட்டர். எண்ணெய்க்கு விரிய இடமில்லாமல் பிரீதர் (உள்ளே காற்றுப் போய்வரும் துளை) வழியாகக் கக்கும், நுரைக்கும், சூடாகும், ஆக்சில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிரேக் உலர்ந்த வகையாக இருந்தால் அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் ஏறிவிடும். இப்படி நடந்திருந்தால் வண்டியை ஓட்டாமல், முதலில் மேல் கோடு வரைக்கும் எண்ணெயை இறக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தண்ணீரா, காற்றா?

குச்சியில் வெளுத்த எண்ணெயைப் பார்த்ததும் தண்ணீர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. காற்று கலந்து நுரைத்தாலும் அதே வெளுப்பு வரும். அளவு கூடினாலும் நுரைக்கும். அளவு குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சினாலும் நுரைக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு எண்ணெய் எடுத்து ஜன்னலில் வையுங்கள். காற்று என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்து எண்ணெய் நிறம் திரும்பிவிடும். தண்ணீர் என்றால் தெளியாது.

நான் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் எடுத்து வைத்தேன். ராத்திரி முழுக்க இருந்தது. காலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் மேலே மங்கலான மஞ்சள், நடுவில் தயிர் மாதிரி ஒரு பட்டை, அடியில் விரல் கனத்துக்கும் குறைவாகத் தெளிந்த தண்ணீர். பாட்டிலைச் சாய்த்தால் அந்தத் தண்ணீர் மட்டும் தனியாக ஓடியது. அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அடியில் தண்ணீர் பிரியாமல் எண்ணெய் மங்கலாகவே நின்றால் இன்னொரு சோதனை இருக்கிறது: இரும்புக் கரண்டியை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, வெளியே எடுத்துப் போய், இரண்டே இரண்டு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர். அமைதியாகப் பரவினால் தண்ணீர் இல்லை. கரண்டி சிவக்கக் காய வேண்டாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

மறுபடி வடிக்க வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டியதில்லை. வண்டிக்குள் நின்றுபோனது வெறும் பழசு, நிறம் மட்டும் கறுத்திருக்கிறது, தண்ணீர் இல்லை, ஊற்றியதும் அதே வகை எண்ணெய் என்றால் நான் வடிக்கச் சொல்ல மாட்டேன். பில்டரை மாற்றிவிட்டு, அடுத்த மாற்றத்தை, புத்தகம் சொல்லும் மணி நேரத்தில் பாதியிலேயே செய்துவிடுங்கள். புத்தகம் 1000 மணி நேரம் சொன்னால் 500-இல். அவ்வளவுதான்.

தண்ணீர் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். "இந்தச் சீசன் முடியட்டும்" என்றுதான் மனசு சொல்லும், எனக்கும் சொன்னது. தண்ணீர் கலந்த எண்ணெயில் பேரிங் துருப்பிடிக்கும். பம்புக்கு வேண்டிய வழுவழுப்பு கிடைக்காது. காகித பில்டர் தண்ணீரில் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். அப்புறம் பம்ப் பட்டினியாகத்தான் ஓடும். எங்கள் வண்டியில் கேட்ட முனகல் அந்தப் பட்டினிச் சத்தம்தான்.

எண்ணெய் வகையே மாறியிருந்தாலும் வடிக்கத்தான் வேண்டும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு அதற்கென்று வரும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் போட வேண்டும். கடையில் வெட் பிரேக் ஆயில் என்று கேட்டாலே தருவார்கள். சாதாரண கியர் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ கலந்திருந்தால் பிரேக் அதிரும், கத்தும். டிரெய்லரில் நெல் ஏற்றிக்கொண்டு போகும்போது பிரேக்கில் விளையாட முடியாது.

ஒரு வேண்டுகோள். உள்ளே கழுவ டீசல் ஊற்றி ஓட்டாதீர்கள். எங்கள் பக்கம் இது சகஜம், பத்து நிமிடம் ஓட்டினால் பளிச்சென்று ஆகிவிடும் என்பார்கள். எண்ணெய் எந்த மூலையில் வடியாமல் நின்றதோ அதே மூலையில் டீசலும் வடியாமல் நிற்கும். அடுத்து ஊற்றுகிற எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் பம்புக்கு எண்ணெய்ப் படலமே இருக்காது. கழுவத்தான் வேண்டும் என்றால் அதே வகை எண்ணெயில் கழுவுங்கள்.

இரண்டாம் முறை வடிப்பது

வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, லிப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, எண்ணெயை வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வண்டல் அடியில் அசையாது. ஓடி நின்ற உடனே வடித்தால்தான் துகளும் தண்ணீரும் கலந்தபடி வெளியே வரும். கொதிக்கும் சூடு வேண்டாம், கை வெந்துவிடும்.

சமதளத்தில் நிறுத்துங்கள். ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு லிப்ட் கைகளை முழுக்க இறக்கி வையுங்கள். கை மேலே நின்றால் லிப்ட் சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் வடியாது. டிப்பர் டிரெய்லரை வண்டியின் ஹைட்ராலிக்கில் ஓட்டுகிறவர்கள் அதன் ஜாக்கையும் மடக்கிவிட வேண்டும். அந்த ஜாக்கில் நிற்கும் பழைய எண்ணெய் தனி. புது எண்ணெய் ஊற்றியபின் டிப்பரை ஒருமுறை தூக்கி இறக்கினால் அதெல்லாம் வண்டிக்குள் வந்துவிடும். எண்ணெய் மாற்றிச் சுத்தமாக வைத்திருந்த வண்டியில் இரண்டே நாளில் நிறம் மாறுவதற்கு இது ஒரு காரணம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்புறம் அடியில் நுழையுங்கள். தூக்கி நிற்கும் எந்தக் கருவிக்கும் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

இப்போது பிளக்குகளை எண்ண வேண்டும். புத்தகத்தில் எத்தனை பிளக், எங்கெங்கே என்று படம் இருக்கும். கியர் பாக்ஸ் அடியில், பின்னால் கிரவுன் அடியில், சில வண்டிகளில் இரண்டு பக்கமும் சக்கரத்தை ஒட்டி ஒவ்வொன்று. கையில் படம் இல்லாமல் "எனக்குத் தெரியாததா" என்று யார் படுத்தாலும் ஒன்று விட்டுப்போகும். எங்கள் வண்டியில் பின் பிளக் இருந்த இடத்தில் பிளக்கே தெரியவில்லை. சேறும் எண்ணெயும் காய்ந்து ஓடு மாதிரி மூடியிருந்தது. திருப்புளியால் சுரண்டச் சுரண்ட, நாலாவது சுரண்டலில்தான் அறுகோணத்தின் ஒரு மூலை மினுங்கியது. அந்தச் சேற்றைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, அந்த பிளக் போன முறை மட்டுமல்ல, அதற்கு முந்தின முறையும் திறக்கப்படவில்லை.

சுற்றியிருக்கும் சேறு முழுவதையும் துடைத்தபின் திறந்தோம். முதலில் ஒரு குவளை அளவுக்கு வெறும் தண்ணீர் வந்தது. பிறகு கெட்டியான சாம்பல் நிறக் குழம்பு, பிறகுதான் எண்ணெய். சொட்டு நிற்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டு மூடாதீர்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். முன் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் பின் பிளக் வழியாக இன்னும் அரை லிட்டராவது வரும்.

வடிவதை அளவு தெரிந்த வாளியில் பிடியுங்கள். காலி ஆயில் வாளியே போதும், 20 லிட்டர் என்று எழுதியிருக்கும். எல்லாவற்றையும்விட இந்த ஒரு பழக்கத்தைத்தான் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பேன். வெளியில் கொடுத்து மாற்றினாலும், பக்கத்தில் நின்று, வடிந்தது எத்தனை வாளி என்று எண்ணுங்கள். அன்றைக்கு எங்களுக்கு மொத்தம் 38 லிட்டர் வந்தது. 40-இல் 38 என்றால் சரி.

பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். விரலால் தேய்த்தால் மை போலக் கரையும் கறுப்புப் பசை வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லு, ஊசி, பல்லின் துண்டு என்றால் எண்ணெய் ஊற்றாமல் நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிளக்குக்குப் புது செம்பு வாஷர் போட்டு, முதலில் கையால் மரையில் ஏற்றி, அப்புறம் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஹவுசிங் (வெளிக்கூடு) வார்ப்பிரும்பு. குழாயை மாட்டி நெம்பி இறுக்கினால் மரை போய்விடும்.

மரை போனதாலோ, தலை தேய்ந்ததாலோ ஒரு பிளக் திறக்கவே முடியவில்லை என்றால், மேலே ஊற்றும் வாய் வழியாக ஓஸ் விட்டுக் கைப்பம்பால் உறிஞ்சிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் திரும்பத் திரும்ப மாற்றிக் குறைக்கலாம். என் வண்டிக் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்: ஒவ்வொரு தடவையும் 26 லிட்டர்தான் வடியும் என்றால் முதல் மாற்றத்துக்குப் பின் பழசு 14 லிட்டர், இரண்டாவதுக்குப் பின் 5 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மூன்றாவதுக்குப் பின் 2 லிட்டருக்கும் கீழே. இடையில் பத்து மணி நேரமாவது ஓட்டிக் கலக்க வேண்டும். ஆனால் 52 லிட்டர் கூடுதல் எண்ணெய். நான் லிட்டர் 260 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த விலைக்கு 13,520 ரூபாய். அந்தப் பிளக்கைப் பட்டறையில் கொடுத்துத் திறப்பது அதைவிட மலிவு.

பில்டர் புதுசு போடுங்கள். இது விவாதத்துக்கே இடமில்லாதது. உறிஞ்சும் பக்கம் கம்பி வலை இருந்தால் கழற்றி டீசலில் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். வலைக்குப் பழைய துணியைப் போட்டுத் துடைக்க வேண்டாம், நூல் ஒட்டும்.

ஊற்றுவதும் பார்ப்பதும்

புத்தக அளவை ஒரே மூச்சில் ஊற்றாமல், இரண்டு லிட்டர் குறைவாக ஊற்றி நிறுத்துங்கள். எண்ணெய் எல்லா அறைக்கும் பரவப் பத்து நிமிடம் ஆகும். ஸ்டார்ட் செய்து குறைந்த வேகத்தில் விட்டு, சுமையில்லாமல் லிப்டைப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்குங்கள். முதல் இரண்டு மூன்று தடவை திக்கும், காற்று வெளியேறுகிறது. அதற்குப் பிறகும் திக்கினால் அணைத்துவிட்டு அளவைப் பாருங்கள். கை இறங்கிய நிலையில், வண்டி அணைந்து கால் மணி நேரம் கழித்து, குச்சியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் வண்டிப் புத்தகம் வேறு நிலை சொன்னால் அதன்படி செய்யுங்கள். மேல் கோடு வரைக்கும் மட்டும் நிரப்பி, மறுநாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள்.

பைப்பில் கசிவு தேடும்போது வெறுங்கையை வைத்துத் தடவாதீர்கள். ஊசித் துளையிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆபரேஷன் வரைக்கும் போகும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

வடித்த எண்ணெயை மூடியுள்ள வாளியில் வைத்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள். வாய்க்கால் கரையில் ஊற்றினால் அது நம் நாற்றங்காலுக்குத்தான் வந்து சேரும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது?

இதைக் கண்டுபிடிக்காவிட்டால் செய்ததெல்லாம் வீண். சேற்றுழவில் வண்டி கொதிக்கக் கொதிக்க ஓடும். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் நிற்கும் வயலிலேயே நிறுத்திவிடுவோம். ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். பிரீதர் சுத்தமாக இருந்தால் அது வழியாகக் காற்று உள்ளே வந்து சமமாகிவிடும். பிரீதரைச் சேறு அடைத்திருந்தால், சுருங்கும் காற்று சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அரை மணி நேரச் சாப்பாட்டில் வண்டி தண்ணீர் குடிப்பது இப்படித்தான். இப்போது நாங்கள் சாப்பாட்டுக்கு வண்டியை வரப்பு ஓரம் மேட்டில் ஏற்றித்தான் நிறுத்துகிறோம். சேற்றுழவு நாட்களில் தினமும் சாயங்காலம் பிரீதரைக் கழற்றி ஊதி மாட்டுவது டிரைவர் வேலை.

கியர் கம்பிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே போகும். ஐப்பசி மழையில் வெளியே நிற்கும் வண்டிக்கு இதுவே போதும். பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் சீல், ஆக்சில் சீல் இரண்டையும் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரீதருக்கும் குச்சி வாய்க்கும் நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாற்றியபின் முதல் 20 மணி நேரத்தில் தினமும் குச்சியைப் பாருங்கள். காய்ந்த நிலத்தில் உழும்போதே எண்ணெய் மறுபடி வெளுத்தால் உள்ளே எங்கோ பழைய தண்ணீர் இன்னும் நிற்கிறது, இன்னொரு முறை வடிக்க வேண்டும். சேற்றில் இறங்கியபின் மட்டும் வெளுத்தால் சீலைத் தேடுங்கள். எங்களுக்குப் பிரீதர் அடைப்பு ஒன்று, பி.டி.ஓ. சீல் ஒன்று. இரண்டையும் சரி செய்து, மூலையில் வைத்திருந்த அந்த 14 லிட்டரோடு இன்னும் 24 லிட்டர் வாங்கி ஊற்றினோம். நாலாம் நாள் காலையில் வண்டி வயலில் இறங்கியது. அந்த ஊறுகாய் பாட்டில் இன்னும் கொட்டகை ஜன்னலில்தான் இருக்கிறது; புதிதாக யார் டிரைவராக வந்தாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுகிறேன்.